கேட்டால் சொல்லிவிடுகிறவர்

வீட்டை விலைக்குப் பார்க்க முதலில் வந்தவர் ராயக்கோட்டைப் பக்கத்து நெல் வியாபாரி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்து, "மழைக்கு ஒழுகாதுங்களே?" என்றார். பேச்சை ஆரம்பிப்பதற்காகக் கேட்ட கேள்வி அது. பதிலை அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"ஒழுகும்," என்றார் பெத்தம்மா. "ஐப்பசி மழைக்கு இந்த மூல. காத்து திரும்பிச்சுன்னா அந்த மூல. ரெண்டுக்கும் ஒரே அண்டாதான் வெச்சிருக்கேன். இழுத்து இழுத்து வெச்சுக்கினு இருப்பேன்."

வியாபாரி சிரித்தார். ஓடு மாற்றினால் சரியாகிவிடும் என்று அவரே சொல்லிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனார். அங்கே வாயை மூடிக்கொண்டு திரும்பியிருந்தால் வீடு அன்றைக்கே முடிந்திருக்கும். "புகையெல்லாம் வெளிய போயிருதுங்களா?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"தெக்கத்திக் காத்து அடிச்சா போவாது. உள்ளாறயே சுத்தும். எங்க மாமியாருக்குக் கண்ணு போனதே அதாலதான்னு வைத்தியர் சொன்னாரு."

யோசித்துச் சொல்வதாக அவர் போனார். வரவில்லை. முன்கட்டில் குடியிருந்த நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தெரு திரும்பியதும் எனக்கு மூச்சு சீரானது.

பெத்தம்மா என்பது அவருடைய பெயர் இல்லை. தெலுங்கில் பெரியம்மாவை அப்படிச் சொல்வார்கள். பெங்களூரில் இருந்த அவர் தங்கையின் மகள் அப்படிக் கூப்பிட்டு, அதைக் கேட்டுத் தெருவே கூப்பிட ஆரம்பித்ததாம். ஓசூர் ஏரிக்கரைக்குப் போகும் தெருவில் அந்த வீடு. முன்கட்டை வாடகைக்கு விட்டு, பின்கட்டில் அவரும் இரண்டு எருமைகளும் இருந்தார்கள். கணவர் இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை.

பால் வாங்க வருகிறவர்களிடம் சில நாட்களில், "இன்னிக்குப் பாலு தண்ணியாத்தான் இருக்குது. நான் ஊத்தின தண்ணி இல்ல, எருமைக்குத் தீவனம் பத்தல. கெட்டியா வேணும்னா அடுத்த தெருவுல வாங்கிக்கோங்க" என்பார். யாரும் அடுத்த தெருவுக்குப் போகவில்லை. 

ஒருமுறை உத்தனப்பள்ளியிலிருந்து ஒரு குடும்பம், இரண்டு வீடு தள்ளி இருந்த மாப்பிள்ளைப் பையனைப் பற்றி விசாரிக்க வந்தது. அவர்கள் பெத்தம்மாவின் வாசலில் நிற்பதைப் பார்த்த பையனின் அம்மா, கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அதற்குள் பெத்தம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "பையன் நல்லவன்தான். வேலவெட்டிக்கு ஒழுங்காப் போவான். கோவம் வந்தா மட்டும் ரெண்டு நாளு சாப்பிடாம படுத்துக்குவான். போயிக் கெஞ்சணும். உங்க பொண்ணுக்குக் கெஞ்ச வருமா?" பெண் வீட்டார் சிரித்துவிட்டார்கள். கல்யாணம் நடந்தது. பையனின் அம்மா மட்டும் அதற்குப் பிறகு பெத்தம்மாவிடம் பேசவில்லை.

வலியப் போய் எதையும் சொல்ல மாட்டார். அது முக்கியம். வம்பு பேசுகிற பெண்மணி இல்லை அவர். கேட்டால் சொல்லிவிடுவார், கேட்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். இந்த இரண்டாவது பாதியை நான் நன்றாகக் கவனித்து வைத்திருந்தேன்.

நான் அப்போது ஒரு தனியார் பஸ் கம்பெனியில் புக்கிங் கிளார்க். கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் போகிற வண்டிகளுக்கு ஓசூர் பஸ் நிலையத்தில் டிக்கெட் எழுதுவேன். சொந்த ஊர் பாரூர். மனைவி ரத்னா கன்னடக்காரி, ஆனேக்கல் பக்கம். நான் ஒரு ஜாதி, அவள் ஒரு ஜாதி. இரண்டு வீட்டுக்கும் வேண்டாதவர்களாகி ஓசூருக்கு வந்து சேர்ந்தோம். நாலு இடத்தில் வீடு கேட்டோம். நாலு இடத்திலும் முதல் கேள்வி, நீங்கள் என்ன ஜனம் என்பது. ஐந்தாவது இடத்துக்கு ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன்.

பெத்தம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தர ஒருத்தர் புடிச்சுக் கட்டிக்கினீங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் பொய் மறந்துவிட்டது. ஆமாம் என்றேன்.

"அப்ப சரி. தண்ணி நீங்களேதான் சேந்திக்கணும். எனக்கு இடுப்பு வலி."

தெருவில் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அவரோ பால் ஊற்றிக்கொண்டே, "வேற வேற ஜாதி. வீட்ட எதுத்துக்கினு வந்துட்டாங்க. தெரிஞ்சுதான் வெச்சிருக்கேன்" என்றார். ஒளித்து வைத்திருந்தால் ஆறு மாதம் பேசியிருப்பார்கள். அவர் சொல்லிவிட்டதால் இரண்டே நாளில் தெரு எங்களை மறந்தது.

வீட்டை விற்க வேண்டும் என்று அவர் சொன்னது நாங்கள் குடிவந்த மறு வருஷம்.

காரணம் தங்கை. தெலுங்கில் செல்லி, செல்லி என்பார். ஒருத்திக்குப் பன்னிரண்டு வயதும் இன்னொருத்திக்குப் பத்து வயதுமாக, ஒரே பந்தலில் இருவருக்கும் கல்யாணம் செய்து இரண்டு திசைக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு இருவரும் சேர்ந்து இருந்தது சங்கராந்திக்குத் தங்கை வந்து தங்குகிற பத்து நாட்கள்தான். அந்தப் பத்து நாளும் வீடு வேறு வீடாகிவிடும். தங்கை பெரிய வாயாடி. ஒரு பல்லியைப் பார்த்தால் உடும்பு என்பார். பெத்தம்மா உடனே, "பல்லி" என்பார். இருவரும் சிரிப்பார்கள். அந்த அம்மாவும் விதவையாகி, மகளின் மாமியார் வீட்டில் இருக்க முடியாமல், பெங்களூரில் ஒரு ஒற்றை அறையில் தனியாக இருந்தார். இந்த வீட்டை விற்றுவிட்டு அங்கே இரண்டு அறையில் ஒரு வீடு வாங்கி, சாகிறவரை சேர்ந்திருப்பது என்று அக்காவும் தங்கையும் முடிவு செய்திருந்தார்கள். வீடு கூடப் பார்த்தாகிவிட்டது. கடிதங்களைக் கன்னடத்தில் ரத்னாதான் எழுதுவாள், அங்கே மகள் படித்துச் சொல்வாள். ஒவ்வொரு பதிலும் ஒரே கேள்வியோடு முடியும்: வீடு முடிந்ததா?

அது, ஓசூர் மைசூரோடு போகுமா மதராசோடு இருக்குமா என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டிருந்த சமயம். "இந்த ஊரு எந்த ராஜ்யத்துக்குப் போவும்?" என்று ஒருவர் வீடு பார்க்க வந்த இடத்தில் கேட்டார். அதற்குப் போய், "தெரியாதுப்பா. எங்க போனாலும் வீடு இங்கதான் இருக்கும். ஆனா கதவு நிலையில கறையான் இருக்குது" என்றார் பெத்தம்மா. கறையானைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று ரத்னா பிறகு சிரித்துக்கொண்டே கேட்டாள். "அவுரு நிலையையே பாத்துக்கினு இருந்தாரு. அது கேட்ட மாதிரிதான்" என்றார்.

தரகர் நொந்துபோனார். "அம்மா, நீங்க பொய் சொல்ல வேணாம். சும்மா இருங்க. அது போதும்" என்று கெஞ்சினார். சரி என்று அடுத்த ஆள் வந்தபோது பெத்தம்மா எருமைக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார். வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே கொட்டகைக்குப் போய், "கோடையில கிணத்துல தண்ணி இருக்குமா அம்மா?" என்று கேட்டார். சித்திரையில் கயிறு பத்தாது என்ற பதில் கொட்டகைக்குள்ளிருந்து வந்தது. தரகர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

எனக்கும் ரத்னாவுக்கும் இது தமாஷாக இருந்தது. தமாஷாக இருந்தது என்பதைவிட சௌகரியமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். வீடு கைமாறினால் எங்களை யார் வைத்துக்கொள்வார்கள்? ரத்னாவுக்கு அப்போது ஆறு மாதம்.

பிறகு ஒரு பாய் வந்தார். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்தவர், நல்ல உயரம், நிதானமான பேச்சு. கூரை, புகை, கறையான், கிணறு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கடைசியில் அவர் சிரித்தார்.

"அம்மா, நான் இதுக்கு முன்னால ஏழு வீடு பாத்துட்டேன். ஏழும் அரண்மனைன்னுதான் சொன்னாங்க. நீங்கதான் வீடுன்னு சொல்லியிருக்கீங்க. இதுக்கு மேல ஒளிஞ்சுக்கினு ஒரு குறை இருக்காது. நான் எடுத்துக்குறேன். வர்ற வெள்ளிக்கிழமை கழிச்சு எங்க வீட்டுக்காரியக் கூட்டிக்கினு வந்து முடிச்சுடறேன். ஆடிக்குள்ள குடிவரணும்."

பெத்தம்மா அவரை வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவர் அப்படி முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. "பொண்ணே, இன்னிக்கே செல்லிக்கு எழுது" என்று ரத்னாவிடம் சொன்னார்.

நான் வேலைக்குக் கிளம்பினேன். பஸ் நிலையத்தில் பாய் உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணகிரி வண்டி அத்திப்பள்ளியில் பஞ்சராகி நின்றுவிட்டிருந்தது. அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க அங்கயே குடியிருக்கிறவங்களாச்சே. வீடு நல்ல வீடுதானே?"

"நல்ல வீடுதாங்க," என்றேன். கொஞ்சம் நிறுத்தினேன். "கிணத்து விஷயம் உங்களுக்குத் தெரியும்தானே?"

"சித்திரையில வத்தும்னாங்க."

"அது இல்லீங்க. ஒரு பொம்பள விழுந்து செத்துட்டாங்கன்னு சொல்லுவாங்க. பழைய கதை."

அவர் முகம் மாறியது. "அந்தம்மா எல்லாத்தையும் சொன்னாங்களே. அதச் சொல்லலியே?"

"நீங்க கேக்கலியே," என்றேன்.

வெள்ளிக்கிழமை கழித்து அவர் மனைவியோடு வந்தார். வந்ததும் கிணற்றடிக்குத்தான் போனார்கள். அன்றைக்கு எனக்கு விடுமுறை, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"இந்தக் கிணத்துல யாராவது விழுந்திருக்காங்களாம்மா?" என்று பாய் கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்கள். அது உண்மையும்கூட. பெத்தம்மா வெகுநேரம் யோசித்தார்.

"நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து யாரும் விழல. அதுக்கு முன்னால எனக்குத் தெரியாது. கிணத்தாண்ட தனியாப் போவாதேன்னு மாமியாரு சொல்லிக்கினே இருப்பாங்க. எதுக்குன்னு நான் கேட்டதில்ல."

பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் கிணற்றடிக்குத் தனியாகப் போகாதே என்று எந்த மாமியாரும் சொல்வாள். பாயின் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். பாய் மட்டும் நின்று, "மன்னிச்சுக்கோங்கம்மா, அவ பயப்படறா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கதை தரகருக்குத் தெரிந்தது, தரகரிடமிருந்து தெருவுக்கு வந்தது. அதற்குப் பிறகு வீடு பார்க்க ஒருவரும் வரவில்லை. எருமைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் காட்டுகிறார்கள் என்று இரண்டு வீட்டில் பால் வாங்குவதை நிறுத்தினார்கள். கேட்பவர்களுக்கெல்லாம் பெத்தம்மா அதே பதிலைச் சொன்னார், எனக்குத் தெரியாது என்று. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர் அந்தக் கதையை நம்பிவிட்டார். தெருவில் வயதானவர்களிடம் போய், யாராவது கேள்விப்பட்டதுண்டா என்று விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. "யாருன்னே தெரியாம போயிட்டாளே, பாவம். இத்தன வருசமா நான் அந்தத் தண்ணியக் குடிச்சுக்கினு, ஒரு நாளு அவள நெனச்சதில்ல" என்று ரத்னாவிடம் சொன்னார். அமாவாசைதோறும் கிணற்றின் விளிம்பில் நாலு பூவை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பார். செத்தே போகாத ஒருத்திக்காக.

மூன்றாவது அமாவாசையன்று நான் ரத்னாவிடம் விஷயத்தைச் சொன்னேன். குழந்தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. குழந்தைக்கு முதல் தண்ணீர் ஊற்றியது பெத்தம்மா, பத்தியச் சோறு பொங்கிப் போடுவதும் அவர்தான். ரத்னா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்திவைத்தாள்.

"ரீ, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள். கன்னடத்தில் கணவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோபத்தில் அவள் குரல் தணிந்துதான் போகும்.

நானே சொல்வதாகச் சொன்னேன். ஒரு வாரம் தள்ளினேன். பிறகு இன்னொரு வாரம். அதற்குள் பெங்களூரிலிருந்து தந்தி வந்துவிட்டது.

நான்தான் அவரை வண்டியில் உட்காரவைத்தேன். முன் சீட்டு, ஜன்னல் ஓரம். அவர் போய்ச் சேர்ந்தபோது தங்கையை எடுத்துவிட்டிருந்தார்கள். காரியங்கள் முடிந்து இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். வந்ததும் எருமைகளைப் போய்ப் பார்த்தார். தரகருக்குச் சொல்லி அனுப்பினார், வீடு விற்பதற்கில்லை என்று. பிறகு எங்கள் பக்கம் வந்து நின்றார்.

"நீங்க இனிமே பயப்படாம இருக்கலாம்ப்பா. யாருக்கும் குடுக்கல. புள்ள பெருசாவுற வரைக்கும் இங்கயே இருங்க."

அதைத் தாங்க முடியவில்லை. அங்கேயே சொல்லிவிட்டேன். பஸ் நிலையத்தில் பாயிடம் பேசியது, என்ன வார்த்தை சொன்னேன் என்பது, ஏன் சொன்னேன் என்பது, எல்லாம்.

பெத்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப கிணத்துல யாரும் சாகலியா?" என்று கேட்டார்.

"இல்ல பெத்தம்மா."

"அப்பாடா," என்றார். உண்மையாகவே அவர் முகம் லேசானது. அப்புறம்தான் மற்றதெல்லாம் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். ரத்னா ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். "ரெண்டு ஜன்னல் இருக்குதாம், செல்லி பாத்து வெச்ச அந்த வீட்டுல. ஆளுக்கு ஒண்ணுன்னு சொல்லிக்கினு இருந்தாளாம்" என்றார். திட்டவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போனார்.

தங்கையின் மகள் மார்கழியில் வந்தாள். தாயின் புடவை இரண்டைப் பெரியம்மாவுக்குக் கொடுக்க வந்தவள். எங்கள் பக்கத்தில்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ரத்னா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் புடவையை வைத்துவிட்டு, தெலுங்கில் கேட்டாள். ஓசூரில் இருக்கிறவனுக்குத் தெலுங்கு புரியாமல் போகாது.

"அம்மா கடைசிவரைக்கும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் பெத்தம்மா. ஏன் வீட்டை விற்கவில்லை? நிஜமாகச் சொல். உனக்கு வரப் பிடிக்கவில்லையா?"

பெத்தம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லிவிடுகிறவர் ஆயிற்றே. அவமானத்துக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். ரத்னாவைப் பார்த்தார். அவள் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தார்.

"வெல படியல," என்றார்.

அந்தப் பெண் அதை நம்பினாள். பெத்தம்மா சொன்னால் நம்பாதவர் யார்? அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பணம்தான் உனக்குப் பெரிதாகப் போயிற்றா?" என்று கேட்டாள். பெத்தம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ரத்னா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தெலுங்கு எனக்குப் பேசவும் வரும். அந்தப் பெண் எழுந்து பையை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல், பகல் வண்டிக்கே புறப்பட்டுப் போனாள். நான் பேசவில்லை.

நாலைந்து நாள் கழித்துப் பெத்தம்மா பால் செம்போடு வந்தார். பாலை ஊற்றிவிட்டு நின்றார்.

"ஏம்ப்பா, தை பொறந்ததும் வேற வீடு பாத்துக்கோங்க."

"கோவமா பெத்தம்மா?"

"கோவம் கொஞ்சம் இருக்குது. அதுக்காவ இல்ல. உங்களப் பாத்தா நான் சொன்ன பொய்யிதான் ஞாபகம் வருது. என்னால முடியல."

தை பிறந்து நாங்கள் ஜூஜுவாடிக்குக் குடிபோனோம். மாட்டுவண்டியில் சாமான் ஏற்றி முடிக்கும்வரை குழந்தையை அவர்தான் வைத்திருந்தார். அதன் பிறகு தங்கை மகளுக்கு உண்மையை எழுதிவிடலாம் என்று பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். விலாசம் ரத்னாவுக்கு மனப்பாடம். நாளைக்கு எழுதலாம் என்று எழுந்துவிடுவேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் தரகர் பஸ் நிலையத்தில் என்னிடம் வந்து, பெத்தம்மா போய்ச் சேர்ந்து எட்டு நாள் ஆகிறது என்றார். பெங்களூருக்குத் தந்தி அடித்தார்களாம். அந்தப் பெண் வரவில்லை.